உண்டியல் சாரும் மீத்தேனும்

பட்டப்பெயர் வாய்ப்பதற்கும் ஒரு யோகம் வேண்டும். சிலருக்கு நடையால் வாய்க்கும், சிலருக்கு மூக்கால் வாய்க்கும். இந்த மனிதருக்கு ஒரு மண் உண்டியலால் வாய்த்தது. ஊரில் பாதிச் சுவர்களில் அவர் முகம்தான். கையில் சுத்தியல், காலடியில் உடைந்த உண்டியல், சிதறிய சில்லறை, கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிகிற சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில் 'உடை! எடு!' என்று போட்டிருக்கும். வேதியியல் சொல்லிக் கொடுக்கிறாராம். சுத்தியல் விற்கிறவன்கூட இதைவிட அடக்கமாக விளம்பரம் செய்வான்.

அவரைப் பற்றிச் சொல்ல அந்தச் சுவர்களே போதும். இது அவருடைய மனைவியின் கதை. ஒவ்வொரு படப்பிடிப்பும் முடிந்ததும் விளக்குமாற்றை எடுத்து, அந்த மண் ஓடுகளையெல்லாம் கூட்டி, குனிந்து சில்லறையைப் பொறுக்கி, அடுத்த உண்டியலுக்குள் போட்டு வைப்பது அவள்தான். அவளை எல்லோரும் டீச்சரம்மா என்பார்கள். எதற்கு டீச்சர், யாருக்கு டீச்சர் என்று கேட்டால் அந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்கும் பதில் தெரியாது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தாள். மேசை இழுப்பறையில் இரண்டு காந்தக் கட்டிகள் வைத்திருப்பாள். அணுக்களுக்கு நடுவே இருக்கிற பிணைப்பு என்ற பாடம் வந்தால், அவற்றை ஒட்டவைத்து முன்வரிசைப் பெண் ஒருத்தியிடம் கொடுத்துப் பிரிக்கச் சொல்வாள். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பாள். கை வலிக்கிறதா என்று கேட்டு, அந்த வலிதான் பிணைப்பு ஆற்றல் என்பாள். ஒட்டியிருப்பதைப் பிரிக்க நாம் செலவழிக்க வேண்டும். தனித்தனியாக இருப்பவை ஒட்டிக்கொள்ளும்போதுதான் ஆற்றல் வெளியே வரும். இவ்வளவுதான் பாடம். ஒருமுறை அந்தக் காந்தத்தை இழுத்தவள் இதை ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

அந்தப் பள்ளிச் சோதனைக்கூடத்துக்குக் கண்ணாடிக் குடுவை விற்க வந்தவர்தான் இவர். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்களே, அந்த ரகம். பியூரெட் எது, பிப்பெட் எது என்று தெரியாமலேயே இரண்டையும் தலைமையாசிரியையின் தலையில் கட்டிவிட்டுப் போனார். அந்தத் துணிச்சலை அவள் திறமை என்று நினைத்துவிட்டாள். கண்ணிருந்தும் குருடு என்பது வேறென்ன?

கல்யாணம் ஆனது. குடுவை வியாபாரம் படுத்தது. வீட்டு முன்னறையில் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து டியூஷன் எடுக்கலாம் என்றார். டீச்சரம்மாவுக்குப் பள்ளி வேலை இருந்ததால் அவரே எடுத்தார். காலையில் சாப்பாட்டு மேசையில் அவள் அவருக்குப் பாடம் சொல்லுவாள். சாயங்காலம் அதே பாடத்தை அவர் முன்னறையில் சொல்லுவார். அடுப்படியில் வெந்ததை முன்னறையில் பரிமாறி, சமைத்தது தான்தான் என்று சொல்லிக்கொண்ட கதை. பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது. குரல் நல்ல குரல், அதை மறுக்க முடியாது. பத்து நூறாகி, முன்னறை மூன்று மாடிக் கட்டடமாகி, கேமரா வந்து, விளக்கு வந்து, முகப்பூச்சுப் போடுகிற ஆள் வந்தான். டீச்சரம்மாவின் சொந்தத் தம்பியே மேலாளராக வந்து உட்கார்ந்தான். நீ எழுது அக்கா, மாமா பேசட்டும், வெளியாள் எழுதினால் சரக்கு கசிந்துவிடும் என்று அவன்தான் சொன்னான். அவள் பள்ளி வேலையை விட்டாள். காந்தக் கட்டிகளைப் பள்ளியிலேயே யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தாள்.

ஹைட்ரோகார்பன் பாடத்தை அவள் ஆசை ஆசையாக எழுதினாள். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த பொருள்கள். அதில் ஆகச் சின்னது மீத்தேன், நடுவில் ஒரு கார்பன், சுற்றி நாலு ஹைட்ரஜன். நாலு பிணைப்பையும் மொத்தமாகப் பிரித்துப்போட ஆகும் செலவை நாலால் வகுத்தால் சராசரிப் பிணைப்பு ஆற்றல் கிடைக்கும். அது 416 கிலோஜூல். ஆனால் ஒவ்வொன்றாகப் பிரித்தால் முதல் ஹைட்ரஜனுக்கு 439, இரண்டாவதுக்கு 462, மூன்றாவதுக்கு 424, கடைசி ஹைட்ரஜனுக்கு 338. ஒன்று போனதும் மிச்சமிருப்பவற்றின் நிலைமை மாறிவிடுகிறது, அதனால் விலையும் மாறுகிறது. நாலில் ஒன்றுகூட 416 இல்லை. இதை எழுதும்போது அவளுக்கு அத்தனை சந்தோஷம். பிள்ளைகள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் வாயைப் பிளப்பார்கள் என்று நினைத்தாள்.

உண்டியல் சார் முதல் இரண்டு வரி படித்தார், கொட்டாவி விட்டார். 'ஆற்றல்' என்ற சொல் கண்ணில் பட்டது, 'பிணைப்பு' என்ற சொல் கண்ணில் பட்டது. மீதியை அவருடைய சொந்த மூளை பார்த்துக்கொண்டது. கேமரா முன்னால் ஒரு மண் உண்டியலைக் கொண்டுவந்து வைத்தார். இதுதான் பிணைப்பு, உள்ளே இருக்கிறது ஆற்றல், உடைத்தால் கொட்டும் என்று சொல்லி ஒரே போடாகப் போட்டார். சில்லறை சிதறியது. பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். பாடம் தலைகீழாகப் போய்விட்டது.

அன்றைக்கே சாப்பிடும்போது அவள் சொன்னாள். உடைத்தால் கொட்டாதுங்க, உடைக்க நாமதான் கொட்டிக் கொடுக்கணும் என்றாள். அவர் வாயில் இருந்ததை மென்றுகொண்டே, தன்னுடைய வீடியோவைத் தானே நாலாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மென்றது அத்தனையும் வெளியே தெரிந்தது.

"பசங்க கை தட்டினாங்கம்மா. உன் காந்தத்துக்கு எவளாவது கை தட்டினாளா?"

அவள் அவர் தட்டில் குழம்பை ஊற்றினாள். யானைக்கும் அடி சறுக்கும், அடுத்த தடவை திருத்திக்கொள்வார் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். அடுத்த தடவை இன்னும் பெரிய உண்டியல் வந்தது.

கேடு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பொதுத்தேர்வு நெருங்கியபோதுதான் தெரிந்தது. மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்த அவள் உட்கார்ந்தாள். மீத்தேன் எரியும்போது எவ்வளவு வெப்பம் வெளிவரும் என்று ஒரு கணக்கு. மீத்தேனிலும் ஆக்சிஜனிலும் இருக்கிற பிணைப்புகளைப் பிரிக்க 2660 செலவு. கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் உருவாகும்போது 3462 வரவு. மிச்சம் 802 வெளியே வரும், அதுதான் அடுப்பின் சூடு. கழித்தல் கணக்கு, அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் உண்டியல் சாரின் பிள்ளைகள் இல்லையா? உடைத்ததால் 2660 வரவு என்று எழுதினார்கள். ஒட்டவைக்க 3462 செலவு என்று எழுதினார்கள். எரிவாயு எரிந்தால் சுற்றியிருக்கிற வெப்பத்தையெல்லாம் அதுவே உறிஞ்சிக்கொள்ளும் என்று அழகான கையெழுத்தில் முடித்து, விடைக்கு அடியில் இரட்டைக் கோடும் போட்டிருந்தார்கள். இந்தக் கணக்குப்படி பாலை அடுப்பில் வைத்துப் பற்றவைத்தால் பால் உறைந்துபோகும். தாள் தாளாகப் புரட்டினாள். நல்லாப் படிக்கிற பிள்ளையும் அதையே எழுதியிருந்தது, படிக்காத பிள்ளையும் அதையே எழுதியிருந்தது. அவளுக்கு அழுகின முட்டையை உடைத்துவிட்ட மாதிரி, கையைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

நேரே ஒப்பனை அறைக்குப் போனாள். அவர் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, பவுடர் வழிய உட்கார்ந்திருந்தார். தம்பி பக்கத்தில் போனோடு நின்றான். அவள் தாள்களை அவர் மடியில் போட்டாள். தேர்வுக்கு முன்னால் பிள்ளைகளிடம் அவரே சொல்ல வேண்டும் என்றாள். வேறு யார் சொன்னாலும் ஏறாது, அவர் குரலில் போனது அவர் குரலில்தான் திரும்ப வேண்டும்.

"'நான் சொன்னது தப்பு'ன்னு உங்க வாயால சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவர் தாளைக்கூடத் தொடவில்லை. இதெல்லாம் முதல் ரேங்க் வாங்குகிறவர்களுக்கான சமாச்சாரம், சராசரிப் பசங்களுக்கு உண்டியல் போதும் என்றார். அந்த ஒரு சொல்லில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சராசரி என்பது நாம் வகுத்து எடுத்த எண், அப்படி ஒரு பிணைப்பு மீத்தேனில் கிடையாது, அப்படி ஒரு பிள்ளையும் உங்கள் வகுப்பில் கிடையாது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத்தான் கஷ்டப்பட்டுப் படிக்கிறது என்று பொரிந்து தள்ளினாள். எருமைமாட்டின் மேல் மழை பெய்தது. ஒப்பனைக்காரன் மட்டும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

தம்பி நடுவில் புகுந்தான். 'உடை! எடு!' என்று அச்சடித்த சட்டைகள் ஒரு அறை நிறையக் கிடப்பதைச் சொன்னான். மாமாவே தப்பு என்று சொல்லிவிட்டால் அந்தச் சட்டையை எவன் போடுவான் என்று கேட்டான். கூடப்பிறந்தவன், கேட்கிற கேள்வியைப் பாருங்கள். பிள்ளைகள் தேர்வில் கோட்டைவிடுவது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை, சட்டை தேங்கிப்போவதுதான் பெரிதாகப் பட்டது. இனி ஒரு வரி எழுதித் தர மாட்டேன் என்று அவள் சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரலை வகுப்பில் அவள் கணக்கை விளக்குவது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து 'நான் சொன்னது தப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது என்று முடிவானது. அவள் நம்பினாள். இத்தனை வருஷம் குடித்தனம் செய்த பிறகும் நம்பினாள் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விளக்குச் சூட்டில் அந்த அறை வியர்வையும் பவுடரும் கலந்து நாறியது. டீச்சரம்மா பலகைக்கு முன்னால் நின்றாள். முதலில் குரல் கொஞ்சம் நடுங்கியது, சாக்பீஸைப் பிடித்ததும் சரியாகிவிட்டது. இரண்டு காந்தத்தைப் பிரிக்கிறதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தாள். பிரிக்கச் செலவு, சேர்ந்தால் வரவு என்று கணக்கை இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாகப் போட்டாள். திரையில் பிள்ளைகளின் கேள்விகள் சரசரவென்று ஓடின. குழப்பாதீங்க மிஸ், சாரைக் கூப்பிடுங்க என்றது ஒன்று. அப்போ உண்டியல் என்னாச்சு என்றது இன்னொன்று. சார் பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, எல்லாம் தெரிந்தவர் மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தம்பி அதை ஒலிபெருக்கியில் போட்டான். ஒரு மாணவியின் அம்மா. துணிக்கடையில் வேலை பார்க்கிறவளாம், மகளோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். கத்தவில்லை, சண்டை பிடிக்கவில்லை. நிதானமாகத்தான் கேட்டாள்.

"சார், அப்போ இத்தனை நாளா எம்பொண்ணு தப்பாத்தான் படிச்சாளா?"

இதோ, இந்த இடம்தான். டீச்சரம்மா சாக்பீஸோடு திரும்பி அவரைப் பார்த்தாள். 'ஆமாம்மா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்' என்று சொன்னால் முடிந்தது. மானம் மரியாதை ஒன்றும் கப்பலேறிவிடாது. ஒருவேளை அந்த அம்மாவே அவரை மெச்சியிருப்பாள். அவர் காலைக் கீழே இறக்கினார், மைக்கைத் தன் பக்கம் இழுத்தார், முகத்தில் ஒரு சோகத்தை வரவழைத்துக்கொண்டார். குடுவை விற்கிற காலத்தில் விரிசல் விட்ட சரக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களிடம் காட்டுகிற அதே முகம்.

"என்னம்மா பண்றது. பாடம் எழுதறதெல்லாம் எங்க வீட்லதாம்மா. அவங்க எழுதிக் குடுத்தாங்க, நான் நம்பிச் சொல்லிட்டேன். தப்பு அவங்களோடது. பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடுங்க."

தூ.

இத்தனை வருஷத்தில் இந்தப் பாடங்களை எழுதுவது என் மனைவி என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. புத்தக அட்டையில் சொன்னதில்லை, மேடையில் சொன்னதில்லை, சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் சொன்னதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தார். இன்றைக்குத்தான் முதன்முதலாக வெளியே எடுத்தார், அதுவும் அவள் தலையில் போட்டு உடைக்க. டீச்சரம்மாவுக்கு அழுகை வரும் என்று தம்பி நினைத்தான், கேமராவை அவள் முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோகச் சைகையும் காட்டினான். அவளுக்கு அழுகை வரவில்லை. அவர் மைக்கைத் தொட்ட இடத்தில் எச்சில் தெறித்திருந்தது. அதை முந்தானையால் துடைத்துவிட்டுப் பேசினாள்.

"ஆமாங்க, எழுதறது நான்தான். மொத்தமும் நான் எழுதினது. அந்த உண்டியல் ஒண்ணு மட்டும் சாரோட சொந்தச் சரக்கு."

ஒப்பனைக்காரன் இருமுகிற சாக்கில் வெளியே ஓடினான். டீச்சரம்மா அந்த அம்மாவிடம், பெண்ணைக் கொஞ்சம் பேசச் சொல்லுங்கள் என்றாள். அந்தப் பெண்ணிடம் கணக்கை முதலிலிருந்து கேட்டாள். மீத்தேனில் எத்தனை பிணைப்பு, பிரிக்க வரவா செலவா, சேர்ந்தால் வரவா செலவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெண் தடுமாறினாள், ஒரு தடவை சறுக்கினாள், பிறகு பிடித்துக்கொண்டாள். 802 வெளியே வருது மிஸ் என்றாள். அப்போ பால் காயுமா உறையுமா என்று கேட்டதற்கு, காயும் மிஸ் என்று சிரித்தாள். திரையில் வரிசையாக மற்ற பிள்ளைகளின் விடைகளும் வந்து விழுந்தன, பெரும்பாலும் சரி. சார் எப்போது எழுந்துபோனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

பிள்ளைகள் தப்பித்தார்கள். அது போதும் என்றுதான் அவள் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் தெரிந்தது, அது போதவில்லை. பிள்ளைகளுக்கு வேண்டியது சரியான கணக்கு, கிடைத்துவிட்டது. 'நான் சொன்னது தப்பு' என்ற அந்த ஒரு வார்த்தை பிள்ளைகளுக்கு வேண்டியதே இல்லை, அவளுக்குத்தான் வேண்டியிருந்தது. அதை வாங்காமலேயே திரும்பி வந்திருந்தாள்.

உண்டியல் சார் கூடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடும்ப மானத்தைச் சந்தியில் இழுத்துவிட்டாளாம். அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி ஓடிவந்தான். முகமெல்லாம் பல். இதுவரைக்கும் எந்த வகுப்பையும் இத்தனை பேர் பார்த்ததில்லையாம், எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்களாம்.

"பழம் நழுவிப் பால்ல விழுந்துடுச்சு அக்கா. இனிமே வாராவாரம் மாமா ஒரு தப்பு சொல்லட்டும், நீ வந்து திட்டித் திருத்து. புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா எவன் பாக்க மாட்டான்?"

டீச்சரம்மா கணவனைப் பார்த்தாள். இதற்காவது இந்த மனிதருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். தூக்கி வைத்திருந்த முகம் மெல்ல மெல்ல இறங்கியது. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு கடைவாய்ப் பல் வரைக்கும் அந்தச் சிரிப்பும் வந்தது. எந்த உண்டியலை உடைக்கலாம் என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து அவளுக்கு முன்பு கோபம் வந்ததுண்டு, எரிச்சல் வந்ததுண்டு. அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான். ஒரே தட்டில் சாப்பிட்டது, ஒரே துண்டில் முகம் துடைத்தது எல்லாம் நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. இந்த வாய்க்குத்தானே இத்தனை காலமும் வார்த்தை ஊட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது, தன்மேலும் அதே அருவருப்பு வந்தது.

இனிமேல் எழுதித் தர மாட்டேன் என்று இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னாள். நாலு நாளில் சரியாகிவிடும் என்று தம்பி மாமாவைச் சமாதானப்படுத்தினான். அவள் பழைய பள்ளிக்குப் போய்க் கேட்டாள். காலியிடம் இல்லை, ஒருத்தி பிரசவ விடுப்பில் போகிறாள், அதுவரை பொறுத்தால் தற்காலிகமாகப் பார்க்கலாம் என்றார்கள். அதே வீட்டில் இருந்துகொண்டு எழுதுவதை விட்டுவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும் என்று யார் சொன்னது? பிரிகிற ஒவ்வொரு நாளும் அவளிடமிருந்துதான் எதையோ பிடுங்கிக்கொண்டு போனது. வேதியியல் படித்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த பாடம் ஈத்தேன். மீத்தேனுக்கு அடுத்தது. இரண்டு கார்பன் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, ஆளுக்கு மூன்று ஹைட்ரஜனை வைத்துக்கொண்டிருக்கும். காலையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது உண்டியல் சார் அறை வாசலில் வந்து நின்றார். முழு ஒப்பனையில் இருந்தார், சட்டைக் காலரில் பவுடர் அப்பியிருந்தது. கீழே வண்டி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, விலை கேட்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டார்.

"ஈத்தேன்ல மொத்தம் எத்தனை பிணைப்பு? ஆறுதானே?"

ஏழு. ஹைட்ரஜனுக்கு ஆறு, கார்பன் இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அந்த நடுப் பிணைப்பை எல்லாப் பிள்ளையும் ஒருமுறை மறக்கும், எந்த டீச்சரும் உடனே தலையில் குட்டித் திருத்திவிடுவாள். டீச்சரம்மாவுக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. தப்பான விடையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது அவள் பிறவியிலேயே இல்லாத பழக்கம். தும்மலை அடக்குகிற மாதிரி அடக்க வேண்டியிருந்தது. சட்டையின் கையை மடித்தாள், இன்னொரு கையையும் மடித்தாள், நீவி வைத்தாள்.

"புத்தகத்துல இருக்கு. எடுத்துப் பாருங்க," என்றாள்.

அவர் அங்கேயே நின்றார். அலமாரி நிறைய அடுக்கியிருந்த புத்தகங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "எந்தப் புத்தகம்?" என்று கேட்டார்.